தன் வேலைக்குத் தானே எழுதிய விளம்பரம்

மெரின் டாட்னெல்லுக்கு அலுவலகத்தில் மேசை இருந்தது. படகுத்துறையில் அவள் பெயர் எழுதிய கொக்கியும் அதில் தொங்கும் முக்குளிப்பு உடையும் இருந்தன. மாடிப்படிக்குக் கீழே சைக்கிளுக்கு ஒரு மூலைகூட இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: டிசம்பர் முப்பத்தொன்றைத் தாண்டி நீளும் வேலை.

தாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரத்தில் ஆற்றைப் பார்த்த கட்டடம் அது. எந்தப் பல்கலைக்கழகம் என்று பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஊருக்கு ஊர் பெயர்தான் வேறு, குணம் ஒன்றுதான். ஆராய்ச்சிக்குப் பணம் வந்தால் ஆளை எடுப்பார்கள். பணம் தீரும் தேதியே ஆளும் தீரும் தேதி. பதினான்கு வருடத்தில் மெரின் பதினேழு ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருந்தாள். நீளமானது இரண்டு வருடம். குட்டையானது ஆறு வாரம். அதற்கும் கையெழுத்து ஒன்பது இடத்தில்.

வேலை என்னவோ மாறவே இல்லை. தாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் தண்ணீருக்கடியில் தென்னை உயரத்துக்கு நிற்கும் ராட்சதக் கடற்பாசிகளை எண்ணுவது. எத்தனை நிற்கின்றன, எத்தனையைக் கடல்முள்ளெலிகள் தின்று தீர்த்தன, போன வருடத்துக்கு இந்த வருடம் எவ்வளவு குறைச்சல். அப்பா சிப்பிப் படகு வைத்திருந்தவர். பத்து வயதில் சுக்கான் பிடித்த கை அவளுடையது. பிறகு படித்தாள், முனைவர் பட்டமும் வாங்கினாள். ஆனாலும் துறையில் அவளுக்குப் பெயர் 'படகு மெரின்'தான். எஞ்சின் இருமினால் பேராசிரியர்கள் அவளைத்தான் தேடுவார்கள், கட்டுரையில் பெயர் போடும்போது மட்டும் நாலாவதாகத் தேடுவார்கள்.

ஒவ்வொரு டிசம்பரிலும் அவள் மேசையை இரண்டு ஆப்பிள் பெட்டிகளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவாள். ஜனவரியில் அடுத்த ஒப்பந்தம் வந்தால் அதே பெட்டிகள் திரும்பி வரும். கடைசி நாலைந்து வருடமாகப் பெட்டியைப் பிரிப்பதையே விட்டுவிட்டாள். எதற்கு வீண் வேலை? மேசைக்கு அடியில் பெட்டி, பெட்டிக்குள் அவள் உடைமை. வேண்டியதைக் குனிந்து எடுத்துக்கொள்வாள்.

அந்த வருடம், அங்கே குளிர்காலமான ஜூனில் ஹெஸ்டர் வந்தார். அயர்லாந்துக்காரப் பெண்மணி, ஐம்பது தாண்டியவர், பேச்சு குறைவு. ஏதோ ஓர் அறக்கட்டளை பணம் கொடுத்து, கடற்பாசிக் காடுகளுக்கென்றே ஓர் ஆய்வு இருக்கையை நிறுவியிருந்தது. அதில் அமர வந்த பேராசிரியர் அவர். இருக்கை ஒருவருக்குத்தான் என்றாலும் அதைச் சுற்றி நிற்க நாலு பேர் வேண்டுமே. அந்த நாலில் ஒன்று நிரந்தர வேலை. முதுநிலை ஆய்வு அலுவலர், முடியும் தேதி கிடையாது. முதல் வாரமே மெரினோடு படகில் போய்த் திரும்பும்போது ஹெஸ்டர் சொல்லிவிட்டார்.

"வேலை உன்னோடதுதான்னு நான் நினைக்கிறேன் மெரின். ஆனா நான் நினைச்சாப் போதாது. உலகத்துக்கே விளம்பரம் போட்டுத்தான் எடுக்கணுமாம். நீயும் எல்லாரையும் போல மனுப் போடணும்."

"எனக்குப் பழக்கம்தான். என் வேலைக்கு நான் மனுப் போடுறது இது பதினெட்டாவது தடவை."

ஆகஸ்டில் நோலீன் வந்து மேசையோரம் நின்றாள். நோலீன்தான் அந்தக் கட்டடத்தின் ஆள்சேர்ப்பு அலுவலர். துணைவேந்தரில் தொடங்கி ஜன்னல் துடைப்பவர் வரைக்கும் எல்லாரும் அவளுக்குச் 'செல்லம்'. விதிமுறை என்று வந்துவிட்டால் அந்தச் செல்லமெல்லாம் செல்லாது. மெரினும் அவளும் பதினான்கு வருடமாக மதியச் சாப்பாடு ஒரே மேசையில்.

"செல்லம், அந்த நிரந்தர வேலைக்கு விவரம் எழுதணும். நீயே எழுதிக் குடுத்துடேன்."

"நானா? நானே எழுதி நானே மனுப் போடுறதா?"

"வேற யாரு எழுதுவா? அந்த வேலை என்னன்னு உன்னைத் தவிர இங்க ஒருத்தருக்கும் தெரியாது. ஹெஸ்டர் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுவாங்க, எல்லாம் ஒழுங்காத்தான் நடக்கும்."

வெளியுலகத்தார் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் மத்தியில் இது அன்றாடம் நடப்பது. போதாக்குறைக்கு, வேலை விவரம் எழுதுவதில் மெரின் கைதேர்ந்தவள். தனக்கு மேலே வந்து உட்கார்ந்த முப்பது பேருக்கு அவள்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கட்டாயத் தகுதி, விரும்பத்தக்க தகுதி என்று அதில் இரண்டு பட்டியல் உண்டு. இரண்டாவது பட்டியல் அவளுக்கு ஆகவே ஆகாது. "வேணும்னா கட்டாயத்துல போடு, வேண்டாம்னா தூக்கு. அதென்ன நடுவுல விரும்பத்தக்கது?" என்பாள்.

அந்த மார்ச்சில் உரிமம் இல்லாத ஒருவன் துறையின் படகை ஓட்டிக்கொண்டு போய் மணல் திட்டில் ஏற்றி, ஆறு மாணவர்களோடு ஓதம் ஏறித் தண்ணீர் உயரும் வரைக்கும் உட்கார்ந்திருந்தான். அந்த எரிச்சல் மெரினுக்கு இன்னும் தீரவில்லை. எனவே தன் வேலைக்கான கட்டாயத் தகுதிகளில் ஏழாவதாகக் கொட்டை எழுத்தில் எழுதினாள்: நடப்பில் உள்ள படகு ஓட்டும் உரிமம். எழுதிவிட்டு, மனநிறைவோடு நோலீனுக்கு அனுப்பிவிட்டாள். முன்னிரண்டு பக்கம் அவள் எழுதியது. பின்னிரண்டு பக்கம் எல்லா விளம்பரத்துக்கும் பொதுவானது, கணினியே ஒட்டிக்கொள்ளும். அதை எழுதியவர்கூடத் திரும்பப் படிப்பதில்லை.

விளம்பரம் அக்டோபரில் வெளியானது. மனு அனுப்பக் கடைசி நாள் மாதத்தின் இறுதி வெள்ளி. ஒவ்வொரு கட்டாயத் தகுதிக்கும் தனித்தனியே பதில் எழுத வேண்டும் என்பது இங்கே சட்டம். மெரின் முதல் ஆறு தகுதிக்கும் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினாள். புதன்கிழமை ஏழாவதுக்கு வந்தாள். உரிமத்தின் எண் வேண்டியிருந்தது. மேசைக்கு அடியில் குனிந்து ஆப்பிள் பெட்டியைத் துழாவினாள். உரிமம் வந்தது. அதோடு சேர்த்துப் பிரிக்காத உறை ஒன்றும் வந்தது. புதுப்பிக்கச் சொல்லி ஜூலையில் வந்த கடிதம்.

உரிமம் செப்டம்பர் பன்னிரண்டாம் தேதியே காலாவதியாகியிருந்தது.

 படகு செப்டம்பர் தொடக்கத்திலிருந்தே எஞ்சின் பழுதென்று பட்டறையில் கிடந்ததால் உரிமத்தை எடுத்துப் பார்க்கும் தேவையே வரவில்லை. உரிம அலுவலகத்துக்குப் போன் போட்டாள். கண் பரிசோதனைச் சான்று, முதலுதவிச் சான்று, அப்புறம் ஐந்தாறு வாரம் என்றார்கள். கையில் இருந்ததோ இரண்டு நாள். வெளியான விளம்பரத்தைத் திருத்தவும் வழியில்லை. திருத்தினால் முதலிலிருந்து மறுபடி விளம்பரம். ஜனவரியிலிருந்து பல்கலைக்கழகம் முழுக்க புது ஆள் எடுப்பதை நிறுத்திவைக்கப் போவதாக ஏற்கெனவே சுற்றறிக்கை வந்திருந்தது. இந்த வேலை போனால் போனதுதான். பதினெட்டாவது ஒப்பந்தம் என்று எதுவும் காத்திருக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான் நடந்திருந்தது.

அன்று மாலை அவள் கணவன் டேரல் பஸ் ஓட்டிவிட்டு வந்து, சட்டைகூட மாற்றாமல் முழுக்கதையையும் கேட்டான்.

"இவ்வளவுதானா? 'உண்டு'ன்னு எழுதிடு. ஒரே வார்த்தை. யாரு வந்து பாக்கப்போறா?"

"நோலீன் பாப்பா."

"அவ உன் சிநேகிதிதானே?"

"அதனாலதான் ரெண்டு தடவை பாப்பா."

"பத்து வயசுலேருந்து படகு ஓட்டுற. உனக்கு ஒரு அட்டை இல்லேன்னா படகு முழுகிடுமா மெர்? அதைவிடு, கட்டாயம்னு எழுதினவன் எவன்? அவனைக் கூப்பிடு, நான் பேசுறேன்."

"நான்தான் எழுதினேன்."

 டேரல் எழுந்து போய், சிப்பிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஸ்காலப் பையை இரண்டு தட்டில் சூடாக வைத்துக்கொண்டு வந்தான். அந்த மனிதனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, அடுப்பு மூட்டத் தெரியும்.

'உண்டு' என்று எழுத மெரினுக்குக் கை வராததற்குக் காரணம் நேர்மை மட்டும் இல்லை. எமிர் என்று ஒரு வேல்ஸ்காரன் இருந்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே துறையில் ஒரு வேலைக்கு வந்திருந்தான். தேர்வுக் குழுவில் முக்குளிப்பு தெரிந்த ஆள் என்று மெரினையும் உட்காரவைத்திருந்தார்கள். வந்த நால்வரில் அவனே கெட்டிக்காரன். ஆனால் அவனுடைய முக்குளிப்புச் சான்று கைக்கு வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. குழுவில் மற்றவர்கள் இழுத்தார்கள். "கட்டாயம்னா கட்டாயம்," என்று சொன்னவள் மெரின். அவனை நிராகரித்தார்கள். அவன் வாசலில் அவளுக்கு நன்றி சொல்லி, குடையை மறந்து வைத்துவிட்டுப் போனான். அந்தக் குடையை யாருக்கும் கொடுக்காமல் இன்னும் தன் மேசையோர மூலையில் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் ஏழாவது தகுதிக்கு எதிரே இப்படி எழுதி அனுப்பினாள்: "என் உரிமம் செப்டம்பர் 12 அன்று காலாவதியாகிவிட்டது. கவனக்குறைவு என்னுடையது. புதுப்பிக்க ஏற்பாடு செய்துவருகிறேன்." அனுப்பிவிட்டுக் கண் மருத்துவரிடம் போனாள்.

அடுத்து வந்த இரண்டு வாரம்தான் கொடுமை. தேர்வுக் குழுவில் நோலீனும் இருந்தாள். குழுவில் இருப்பவர் மனுதாரரோடு பழகக் கூடாது என்று விதி. திங்கட்கிழமையிலிருந்து நோலீன் சாப்பாட்டு மேசையை மாற்றிக்கொண்டாள். ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவுவாள். மெரின் இந்தக் கோடியிலிருந்து அவள் வெண்ணெய் தடவும் அழுத்தத்தைப் பார்த்துச் சகுனம் கணிப்பாள். நாடே விழாவாகக் கொண்டாடும் மெல்பர்ன் குதிரைப் பந்தயத்தன்று அலுவலகம் முழுக்கத் தலையில் இறகு வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன் கூடியது. தொப்பியிலிருந்து சீட்டெடுத்ததில் மெரினுக்கு வந்த குதிரை கடைசியாக வந்தது. நோலீன் எதிரில் வந்து நின்று, வாயைத் திறந்து, மூடி, "கேக் எடுத்துக்கோ செல்லம்," என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள். 

மறுநாள் மின்னஞ்சல் வந்தது: நாற்பத்து மூன்று மனுவில் மூன்று பேரை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள், அவளும் ஒருத்தி. டேரல் துள்ளிக் குதித்தான். மெரின் குதிக்கவில்லை. துறையில் ஒரு பாழாய்ப்போன வழக்கம் உண்டு. உள்ளூர் ஆள் மனுப் போட்டால், எடுக்கப் போவதில்லை என்றாலும் மரியாதைக்கு ஒரு நேர்காணல் கொடுப்பார்கள். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பதமாகப் பேசி அனுப்புவார்கள். அந்த மரியாதைக்கு மூஞ்சியில் கதவைச் சாத்துவது மேல். மற்ற இருவரில் ஒருவர் நார்வேக்காரர், இன்னொருத்தி பெர்த்திலிருந்து. இருவரிடமும் உரிமம் இருக்கிறது என்று துறை முழுக்கப் பேச்சு.

நேர்காணலன்று, கோடை நெருங்கிய நவம்பர் நடுவிலும் மலை உச்சியில் பனி விழுந்திருந்தது. அறையில் மூன்று பேர். நடுவில் ஹெஸ்டர், வலப்புறம் நோலீன். இடப்புறம் சட்டத் துறையிலிருந்து ப்ரூவெட் என்ற பெரியவர். வெளித்துறை ஆள் ஒருவர் குழுவில் இருந்தாக வேண்டும் என்பதற்காக வந்தவர். கடற்பாசிக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை.

முதல் நாற்பது நிமிடம் மெரின் தன்னை மறந்து பேசினாள். எந்த விரிகுடாவில் பாசி திரும்பத் தழைக்கிறது, முள்ளெலியை எந்த மாதத்தில் எடுத்தால் பயன், எந்தப் பாறையின் கணக்கை எட்டு வருடமாகத் தப்பாக எண்ணிக்கொண்டிருந்தோம் என்று, எழுதிவைத்த தாளைப் பார்க்காமலே சொன்னாள். ஹெஸ்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது ப்ரூவெட் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரிம்மா. எனக்கு ஒரு சந்தேகம். ஏழாவது கட்டாயத் தகுதி இல்லேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் எப்படி இந்த நாற்காலி வரைக்கும் வந்தீங்க?"

இதோ வந்துவிட்டது. 

"எனக்கும் தெரியலை சார். நான் குழுவுல இருந்திருந்தா என்னை வெளிய அனுப்பியிருப்பேன்."

"அந்தத் தகுதியை அவ்வளவு கறாரா யார் எழுதினது?"

"நான்தான்."

ப்ரூவெட்டின் புருவம் மேலே போனது. ஹெஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்; தோள் குலுங்கியதைப் பார்த்தால் அழவில்லை என்று தெரிந்தது.

நோலீன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "நாலாம் பக்கம் பாருங்க ப்ரூவெட். கடைசிப் பத்தி."

"நாலாம் பக்கமா? அதையெல்லாம் யாரும்மா படிப்பா?"

"நான் படிப்பேன்." பிறகு, தீர்ப்பு வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்: "உரிமங்களையும் சான்றுகளையும் மனுச் செய்யும் நாளில் அல்லாமல், பணியில் சேரும் நாளில் காட்டினால் போதும்."

 ப்ரூவெட் பக்கத்தைப் புரட்டித் தானும் ஒரு முறை படித்தார். "அட, தெளிவா இருக்கே. இது எப்போ சேர்ந்தது?"

"அஞ்சு வருஷம் ஆச்சு. பொதுப் பக்கத்தைத் திருத்தப்போறோம், கருத்துச் சொல்லுங்கன்னு நூத்தியிருபது பேருக்கு அனுப்பினேன். வழக்கம்போல எல்லாரும் குப்பையில போட்டாங்க. ஒரே ஒரு பதில் வந்தது. ஒரே ஒரு வரி. நல்லாயிருந்தது, அப்படியே சேத்துட்டேன்."

"யாரு அனுப்பினது?"

 நோலீன் கண்ணாடிக்கு மேலாக மெரினைப் பார்த்தாள்.

மெரினுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எமிர் போன மறு வருடம், மழை பெய்த ஒரு பிற்பகல், மூலையில் அவன் குடை. இன்னொருவனுக்கு இப்படி ஆகக் கூடாது என்று எழுதி அனுப்பிவிட்டு, அந்த வரி சேர்ந்ததா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் மறந்திருந்தாள். விதைத்தவள் மறந்தாலும் விதை மறக்கவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குடித்துத் தீர்ந்த தண்ணீர்க் குவளையை இன்னொரு முறை குடித்துச் சமாளித்தாள்.

"அப்போ ஜனவரி ஒண்ணாம் தேதிக்குள்ள உரிமம் வந்துடுமாம்மா?" என்றார் ப்ரூவெட்.

"வந்துடும் சார். கண்ணு நல்லாத்தான் தெரியுதாம். தேதிதான் தெரியலை."

இந்த முறை ஹெஸ்டர் ஜன்னலைப் பார்க்காமலே சிரித்தார்.

ஆறு நாள் கழித்து, டேரல் ஓட்டிய பஸ்ஸில் முன்சீட்டில் அவள் உட்கார்ந்திருக்கும்போது ஹெஸ்டரின் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு எழுந்துபோய், கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் தோளருகே சொன்னாள்:

"ஆயிடுச்சு."

"என்ன ஆயிடுச்சு?"

"வேலை. எனக்குத்தான்."

"ஏன்டி, இதை எறங்கும்போது சொல்லக் கூடாதா? பாலத்து மேல இருக்கேன், கண்ணு மறைக்குது!"

பாலம் இறங்கிய முதல் நிறுத்தத்தில், ஏற யாரும் இல்லாதபோதும் அவன் பஸ்ஸை நிறுத்தி, மூக்கைச் சிந்திக்கொண்டு, பிறகு கிளப்பினான். பின்சீட்டில் ஒரு பெரியவர் மணி பார்த்து முணுமுணுத்தார். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

டிசம்பர் முதல் வாரம் புது உரிமம் தபாலில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மெரின் நோலீனின் அறைக்குப் போனாள். நோலீன் அதைத் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், நகலெடுத்தாள். பிறகு ஒரு படிவத்தை நீட்டினாள்.

"நிரப்பிடு செல்லம். அப்புறம் சாப்பிடப் போலாம். இத்தனை வாரமா தனியா ரொட்டி தின்னு எனக்கு நாக்கு செத்துப்போச்சு."

"என்கிட்ட ஒரு கண்ணசைவு காட்டியிருக்கலாமில்ல? நான் செத்துச் செத்துப் பொழச்சேன்."

"காட்டியிருந்தா உன்னை எடுத்தது செல்லாது. அப்புறம் அந்த நார்வேக்காரனோட உக்காந்துதான் நான் ரொட்டி தின்னணும்."

மெரின் சிரித்துக்கொண்டே எழுதினாள். பெயர், முகவரி, பணி, துறை, தொடங்கும் தேதி. பதினேழு தடவை எழுதிய படிவம், கை தானாக ஓடியது. முடித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். நோலீன் ஆறாவது கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இதென்ன?"

முடியும் தேதி என்ற கட்டத்தில் மெரின் 'டிசம்பர் 31' என்று எழுதியிருந்தாள்.

"எந்த வருஷம் செல்லம்?" என்றாள் நோலீன். கேலியாகக் கேட்க நினைத்த குரல் பாதியில் உடைந்துவிட்டது. படிவத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள். "அதைக் காலியா விடு."

"காலியா விட்டா கணினி ஏத்துக்குமா?"

"ஏத்துக்கும்."

மெரின் மறுபடி பெயரிலிருந்து தொடங்கினாள். ஆறாவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கி, ஏழாவதில் வைத்தாள். கடைசி வரைக்கும் நிரப்பிவிட்டு, கொடுப்பதற்கு முன்னால் திரும்பவும் ஒரு தடவை மேலே போய்ப் பார்த்தாள். கட்டம் காலியாகவே இருந்தது.